குதிகால் பதிந்த உறை

டுலூத், மின்னசோட்டா
மார்ச் 3, 1998

அன்புள்ள திரு. குஹார்ஸ்கி அவர்களுக்கு,

முன்பின் தெரியாதவள் எழுதுகிறேன். உங்கள் இசைத்தட்டுகளின் விற்பனைப் பட்டியலைப் பத்திரிகையில் பார்த்தேன். அதில் 'ஈரச் சிமென்ட்' என்ற பங்க் ராக் குழுவின் சின்னத் தட்டு ஒன்று. "உறையில் அழுக்கான குதிகால் தடம். எட்டு டாலர்" என்று போட்டிருந்தீர்கள்.

அது அழுக்கில்லை ஐயா. அந்தக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன் என் தம்பி கர்ட்டிஸ். அட்டைப்படம் அச்சடிக்கக் காசில்லாமல், வெள்ளை உறைகளைத் தரையில் பரப்பி, பூட்ஸில் மை தடவிக்கொண்டு அவற்றின் மேல் நடந்தான். உறை சின்னது, அவன் கால் பெரியது. அதனால் சில உறைகளில் முன்பாதம், சிலவற்றில் குதிகால். என்னிடம் முன்பாதம் இருக்கிறது. குதிகாலைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன்.

எட்டு டாலரை அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். மனசு கேட்கவில்லை. சேகரிப்பவர்கள் இதற்கு நானூறு தருவார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் என்னால் அது முடியாது.

கர்ட்டிஸ் இப்போது இல்லை. நரம்பு நோய் வந்து, கடைசிக் காலத்தில் அவனால் நடக்கவே முடியவில்லை. யாருக்கு விற்றாலும் சரி, அனுப்புவதற்கு முன் அந்தத் தடத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து எனக்கு வரைந்து அனுப்புவீர்களா?

இப்படிக்கு,
லொரெய்ன் ஹாகன்


டொலீடோ, ஒஹாயோ
மார்ச் 14, 1998

அன்புள்ள லொரெய்ன் ஹாகன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது கையில் ரப்பரோடு உட்கார்ந்திருந்தேன். அழுக்கு போனால் பத்து டாலருக்குப் போகுமே என்று ஓர் ஓரத்தைத் தேய்க்கவும் தொடங்கிவிட்டேன். நல்லவேளை, தபால்காரர் வந்தார்.

நீங்கள் சொன்னது சரிதான். சிகாகோ வியாபாரி ஒருவர் நானூற்றைம்பது தருகிறேன் என்றார். மறைப்பானேன், ஆசை வந்தது. வீட்டை விட்டுச் சின்ன அப்பார்ட்மென்டுக்குப் போகிறேன், பணத்துக்கு வேலை இருக்கிறது. மகள் பெகியிடம் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "அந்தம்மா வாயத் தெறக்கலேன்னா உனக்கு எவ்வளவுப்பா கெடச்சிருக்கும்?"

எட்டு என்றேன்.

"அப்ப எட்டை வாங்கிக்கிட்டுப் பேசாம இரு."

வரைந்து தர என் கை நடுங்கும். அசலையே அனுப்பியிருக்கிறேன், தபால் செலவு என்னுடையது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி டிரம்ஸ் வாசிக்கவில்லை, அதை மாடிப்படியில் உருட்டிவிட்டிருக்கிறார். ஆனாலும் அவர்கள் இங்கே வந்து வாசித்த அன்று சிரித்ததுபோல் நான் அப்புறம் சிரித்ததில்லை.

அன்புடன்,
வால்ட் குஹார்ஸ்கி


டுலூத்
மார்ச் 22, 1998

அன்புள்ள வால்ட்,

பார்சல் பத்திரமாக வந்தது. எட்டு டாலர் இத்துடன் இருக்கிறது. நன்றி என்று எழுதிப் பார்த்தேன், போதவில்லை. பெகிக்கும் சொல்லுங்கள். டிரம்ஸைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கர்ட்டிஸ் கேட்டிருந்தால் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருப்பான்.

இரண்டு உறைகளையும் சாப்பாட்டு மேசையில் சேர்த்து வைத்தேன். எப்படித் திருப்பினாலும் பொருந்தவில்லை. அப்புறம்தான் நீங்கள் அனுப்பிய தடத்தில் ஆணிப் புள்ளியைக் கவனித்தேன். அவனுடைய இடது பூட்ஸில்தான் ஆணி துருத்திக்கொண்டிருக்கும், எங்கள் சமையலறைத் தரையைக் கீறிப் பாழாக்கியது அது. என்னிடம் இருப்பது வலது கால்.

அழுதுவிட்டேன். இத்தனை வருஷம் தேடிய பாதி வேறு காலுடையது.

கொஞ்சம் தெளிந்த பிறகு, இரண்டையும் தரையில் வைத்து, இடதை மட்டும் முன்னால் நகர்த்தினேன். பின்கால் விரல்களில் ஊன்றியிருக்கிறது. முன்கால் குதிகாலில் இறங்குகிறது. எழுந்து நானே நாலடி நடந்து பார்த்தேன். கால் அப்படித்தான் விழுகிறது.

அவன் நடக்கிறான், வால்ட்.

என்றும் நன்றியுடன்,
லொரெய்ன்