ஏழு திங்கட்கிழமைக் காய்ச்சல்

பிப்ரவரி 9

டிரைவர் சாருக்கு,

நலம்தானே? பிரிந்து மூன்று வருஷத்தில் நானாக எழுதும் முதல் கடிதம் இது. பயந்துவிடாதீர்கள், வக்கீல் யாரும் பக்கத்தில் இல்லை. மகள் நலம். கணக்கில் மட்டும் உங்களைக் கொண்டு பிறந்திருக்கிறாள், அதாவது படுமோசம்.

விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சியில் போதைப் பழக்கத் தடுப்புக்கு ஒரு குழு போட்டிருக்கிறார்கள். சுகாதாரப் பிரிவு எழுத்தர் என்பதால் விதிகளை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கும் பஸ் டெப்போவுக்கும் சந்தைக்கும் ஒரே விதி. குழுவில் இருக்கும் உங்கள் பழைய டெப்போ மேலாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: பிடிபட்டால் நீக்கம். "பிடிபடறதுக்கு முன்னாடி என்ன பண்றதுன்னு யாராவது யோசிச்சீங்களா?" என்று கேட்டேன். "நீங்களே எழுதிட்டு வாங்க மேடம்" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மருத்துவர்களின் அறிக்கைகளை எல்லாம் படித்தாயிற்று. விழுந்து எழுந்த ஒருவரைக் கேட்டால்தான் எனக்குத் திருப்தி. அப்படி எனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். எந்த நாளில், யார் உங்களைத் தடுத்திருக்க முடியும்? ஒளிக்காமல் எழுதுங்கள்.

கோபமும் அக்கறையும் குறையாத,
உங்கள் மகளின் அம்மா


பிப்ரவரி 17

எழுத்தரம்மாவுக்கு,

நலம். மாத்திரையைத் தொட்டு இருபத்தாறு மாதம் ஆகிறது. இப்போது பஸ் ஓட்டுவதில்லை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் பிரேக் சரிபார்க்கிறேன். முதுகுவலி என்னை விட்டுப் போகவில்லை. வெந்நீர்ப் பையும் நானுமாகச் சமாளிக்கிறோம்.

நீ கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு திங்கட்கிழமை. முதுகுவலிக்குக் கொடுத்த மாத்திரையை அளவுக்கு மேல் போட்டுக்கொண்டு, காலையில் எழ முடியாமல் கிடந்தேன். நீ அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, உன் மணிமணியான கையெழுத்தில் எனக்காக லீவு லெட்டர் எழுதினாய். காய்ச்சல் என்று. அடுத்த திங்களும் காய்ச்சல். மொத்தம் ஏழு, ஏழும் திங்கட்கிழமை. டெப்போ நேரக் காப்பாளர் ஒவ்வொன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, "உடம்பப் பாத்துக்கோப்பா" என்பார். எட்டாவது லெட்டருக்கு அவசியமே வரவில்லை. பஸ்ஸைக் கொண்டுபோய்த் தூணில் இடித்தேன். நல்லவேளை, காலி பஸ்.

உன்னைக் குறை சொல்லவில்லை. மாத்திரையை வாயில் போட்டது என் கைதான். ஆனால் மூன்றாவது காய்ச்சலிலாவது யாராவது வீட்டுக்கு வந்து, "என்னய்யா, உனக்கு மட்டும் திங்கட்கிழமை பாத்துக் காய்ச்சல் வருது?" என்று கேட்டிருந்தால், உடைந்து அழுதிருப்பேன். எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன்.

மகளுக்கு என் அன்பைச் சொல். கணக்குக்கு நான் பொறுப்பில்லை.

உன் பழைய காய்ச்சல்காரன்


பிப்ரவரி 24

டிரைவர் சாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டினேன். மூன்று நாள் அப்படியொரு கோபம். உங்கள் வேலையைக் காப்பாற்றத்தானே எழுதினேன்? நான் டெப்போவிடம் மட்டும் மறைக்கவில்லை, என்னிடமே மறைத்துக்கொண்டேன் என்பது நான்காம் நாள்தான் உறைத்தது. உட்கார்ந்து நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் எழுத ஆரம்பித்தேன்.

விதி இதுதான். ஒரே மாதிரி விடுப்பு மூன்று முறை வந்தால், எந்தப் பதிவேட்டிலும் ஏற்றாமல், சுகாதாரப் பிரிவிலிருந்து ஒருவர் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். தானாகச் சிகிச்சைக்கு வருபவரின் வேலையோ படிப்போ போகாது. ஓட்டுநர் என்றால் குணமாகும்வரை வேறு வேலை. வீட்டிலிருப்பவர்களும் பயப்படாமல் வந்து சொல்லலாம். கடைசி வரியை எனக்காகவே எழுதினேன்.

மேலாளர் உதட்டைப் பிதுக்கினார். "பேப்பர்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேன்னு சொல்ற ஒருத்தரக் காட்டுங்க, நானே முதல்ல கையத் தூக்கறேன்" என்றார். "காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். கூட்டம் மார்ச் 10, காலை பத்து மணி. நீங்கள் வராவிட்டால் அவருடைய அந்த ஒரு வரிதான் விதி.

உங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பழைய கதை தெரியாது என்று, உங்களோடு போனில் பேசிய மகள் சொன்னாள். அந்த வேலையும் போகலாம், தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்றால் கோபப்பட மாட்டேன். பொய், கோபப்படுவேன், வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்று: வருவதாக இருந்தால் லீவு லெட்டருக்கு என்னிடம் வந்து நிற்காதீர்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
மகளின் அம்மா


மார்ச் 4

எழுத்தரம்மாவுக்கு,

வருகிறேன். இதோடு ஒரு நகல் வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்தாதே, கொடுத்தாயிற்று.

நான்


நகல்

ஒர்க்‌ஷாப் மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

ஐயா, வருகிற பத்தாம் தேதி எனக்கு விடுப்பு வேண்டும். அன்று திங்கட்கிழமை. எனக்குக் காய்ச்சல் இல்லை.

நான் வலி மாத்திரைக்கு அடிமையாகி ஓட்டுநர் வேலையை இழந்தவன். இருபத்தாறு மாதமாக அதைத் தொடவில்லை. வேலைக்குச் சேரும்போது இதை உங்களிடம் சொல்லாதது என் தவறு. என் மனைவி எங்கள் ஊருக்காக ஒரு விதி எழுதியிருக்கிறாள். அதற்காக நகராட்சிக் கூட்டத்தில் இதையெல்லாம் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். அங்கே சொல்வதற்கு முன் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இது நானே எழுதும் முதல் லீவு லெட்டர்.

இப்படிக்கு,
பிரேக் பிரிவு ஊழியர்

(கீழே, சிவப்பு மையில்)

விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. தைரியமாகப் பேசிவிட்டு வாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு நான்கு வண்டி காத்திருக்கும், தாமதம் வேண்டாம்.