நூறு பிள்ளைகள் தூங்கிய வீடு

அன்புள்ள அக்கா,

செல்வி நேற்று தன் மகளுக்கு ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தாள். பிரித்ததும் புதுப் பசை வாசனை கூடமெல்லாம் பரவியது. நூலகத்தில் பொம்மைகள் தூங்கப் போகிற கதையாம். மகளைப் படுக்கையில் போட்டு அவள் படித்துக் காட்ட, நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சோறு குழைந்துவிட்டது. உங்கள் நினைப்பு வந்துவிட்டால் எனக்கு அடுப்பு நினைவிருக்காது.

செல்விக்கும் மூன்று வயதில் அப்படி ஒரு புத்தகம் இருந்ததே! பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். உங்கள் கொழுந்தனார், அதுதான் என் வீட்டுக்காரர், பாகூர் மேரியில் எழுத்து வேலை பார்த்தார். ஊர் நிர்வாகம் பார்க்கிற கொம்யூன் அலுவலகத்தை அப்போது மேரி என்றுதானே சொல்லுவோம். கப்பலேறிப் போன ஒரு அதிகாரி வேண்டாமென்று விட்டுப்போன சாமான்களோடு கிடந்த புத்தகத்தைப் பிள்ளைக்கென்று கொண்டுவந்தார். எழுத்தெல்லாம் பிரெஞ்சு. படமெல்லாம் ஒரு பெரிய நூலகம்.

அந்த வீட்டில் நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். நான் ஐந்தாவது வரை படித்தவள், நீங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர். எனக்குச் செல்வி இருந்தாள், உங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்த இரண்டிலும் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது அக்கா. இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது?

நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்து, கை கால் கழுவி, விளக்கை அருகே இழுத்து வைத்துக்கொண்டு நீங்கள் அந்தப் புத்தகத்தைப் பிரிப்பீர்கள். செல்வி உங்கள் மடியில் ஏறிவிடுவாள். நீங்கள் நூலகம் பார்த்ததில்லை. அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்த புத்தகங்கள் உங்கள் கண்ணுக்குப் பிள்ளைகளாகத் தெரிந்தன.

"இது பெரிய வூடு. இந்தக் கண்ணாடி போட்ட அம்மாவுக்கு நூறு புள்ளைங்க. காலைல ஆளுக்கொரு வூட்டுக்கு வெளையாடப் போவுங்க. கண்ணு பட்டுடக் கூடாதுல்ல? அதான் நெத்தில பொட்டு வெச்சி அனுப்புது."

அந்த அம்மாள் புத்தகத்தில் சிவப்பு முத்திரை குத்துகிற படம் அது.

"சாயங்காலம் எல்லாம் திரும்பி வந்துடும். அடிகிடி பட்டுச்சான்னு பொரட்டிப் பாக்கும். தூசி தட்டும். அதது எடத்துல படுக்க வெக்கும். ஒண்ணு வரலன்னாலும் இந்தம்மா வெளக்க அணைக்காது."

நூறாவது பிள்ளை வந்து படுப்பதற்குள் செல்வி தூங்கிவிடுவாள்.

ஒருநாள் நீங்கள் வயலிலிருந்து வர நேரமாகிவிட்டது. நான் புத்தகத்தை எடுத்தேன். செல்வி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "உனக்குப் படிக்கத் தெரியாதும்மா. பெரிம்மாவுக்குத்தான் தெரியும்" என்றாள். சுருக்கென்றது. அன்றைக்கே சிரித்து விட்டிருக்கலாம். என் புத்தி விடவில்லை. இவரை உட்கார வைத்து, எழுதியிருப்பது என்ன என்று வரி வரியாகக் கேட்டேன். நூலகத்தில் மெதுவாகப் பேச வேண்டும், பக்கத்தை மடிக்கக் கூடாது, குறித்த நாளில் திருப்பித் தர வேண்டும், இவ்வளவுதான். மறுநாள் நீங்கள் விளக்கை இழுத்து வைத்ததும் நான் ஆரம்பித்தேன்.

"அது புள்ளையும் இல்ல, பொட்டும் இல்ல செல்வி. முத்திர. பெரிம்மாவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. இவ்ளோ நாளா சும்மா சொல்லியிருக்காங்க."

நீங்கள் சிரித்தீர்கள். "அப்டியா? எனக்கு இன்னாடி தெரியும்? இனிமே நீயே படிச்சிக் காட்டு" என்று செல்வியை மடியிலிருந்து இறக்கிவிட்டு, மாட்டுக்கு வைக்கோல் போடப் போனீர்கள். வைக்கோல் முன்பே போட்டாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

இவர் சொன்னபடி நான் சரியாகத்தான் படித்தேன். செல்வி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவளிடமே புத்தகத்தைக் கொடுத்து உங்களிடம் அனுப்பினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியவள் நான், பிள்ளையை அனுப்பினேன். "பாப்பா கேக்குது" என்று மட்டும் சொன்னேன். நீங்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினீர்கள்.

மறுபடி கதை நடந்தது. செல்வி தூங்கினாள். ஆனால் ஒவ்வொரு பக்கம் புரட்டும்போதும் நீங்கள் தலையைத் தூக்கி என்னை ஒருமுறை பார்ப்பீர்கள், சரிதானா என்று கேட்பதுபோல. அந்தப் பார்வை என்னை அறுத்தது அக்கா.

பல வருஷம் கழித்து நீங்கள் படுக்கையில் விழுந்தீர்கள். செல்வி சென்னையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடமிருந்து கடிதம் வந்தது. "படி" என்றீர்கள். தேர்வு, விடுதிச் சாப்பாடு, அறுந்துபோன செருப்பு. உங்களுக்கென்று கடைசியில் ஒரே வரி: பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும். நீங்கள் காத்திருந்தீர்கள். எனக்கு அதோடு நிறுத்த முடியவில்லை.

"பெரிம்மா, உங்க மடி மாதிரி எனக்கு எங்கயும் தூக்கம் வரல. நீங்க சொன்ன மாதிரி கதை இங்க எந்தப் புத்தகத்துலயும் இல்ல. அன்னிக்கி உங்க மனசு நோவப் பேசிட்டேன். தப்பு" என்று படித்தேன். படித்த பிறகுதான் உறைத்தது. செல்வி ஒருநாளும் உங்கள் மனம் நோகப் பேசியதில்லை.

நீங்கள் என்னையே பார்த்தீர்கள். "இன்னொரு தபா படி" என்றீர்கள். காகிதத்தில் அந்த இடத்தைத் தேடுவதுபோல விரலை ஓட்டினேன். நீங்கள் என் விரலைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"அதுல இருக்கறத பாக்காதடி. உனக்கு இன்னா தோணுதோ அதையே படி."

காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்த்துப் படித்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆயிற்று, இன்னும் படித்து முடிக்கவில்லை அக்கா.