மச்சாளின் நேர்த்தி

ஆவணி 3, செவ்வாய்

புழுக்கம். மழை வருமாப்போல் காட்டி ஏமாற்றிவிட்டது. வீடு கழுவியாயிற்று. தேர் முடியுமட்டும் மச்சம் மாமிசம் இல்லை. கருவாட்டுப் பேணியைக் கட்டி வெளியே வைத்தேன், பூனை சுற்றுகிறது.

கனடாவிலிருந்து மச்சாள் போன், இவரின் அக்கா. மகன் கிருஷானுக்கு வெள்ளிக்கிழமை இருதய ஒப்பரேசன். அன்றுதான் இங்கே அம்மன் தேர்.

"என்ரை நேர்த்தி, நீ அடி அழிச்சுவிடு வசந்தி. யாழினியின்ரை ஆட்டைத்திவசமும் முடிஞ்சுதுதானே, இப்ப நீ கோயிலுக்குப் போகலாம்."

என் பிள்ளை செத்த கணக்கை எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறா!

ஆவணி 4, புதன்

வெயில். கற்பூரம், மஞ்சள், பயற்றங்காய். ஒன்றும் வாங்கவில்லை.

போன வருடமில்லை, அதற்கு முந்தின வருடத் தேரிலும் அடி அழித்தேன். தேருக்குப் பின்னால் ஓரடி வைத்து, விழுந்து கும்பிட்டு, எழும்பி, திரும்ப ஓரடி. யாழினி காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில். அந்தக் கிழமையே போய்விட்டாள். செத்தவீட்டுக்குப் போன் எடுத்து மச்சாள் சொன்னது: "நீ முழுமனதோடை கும்பிட்டிருக்கமாட்டாய். அம்மன் சோதிச்சுப் பாத்திருக்கிறாள்."

அரைமனதுக்காரியிடம் இப்போது என்ன வேலை? இவரிடம் கேட்டேன்.

"அக்கா பாவம், பயத்திலை கேக்கிறா. செய்துவிடுமப்பா."

நானும் பாவம்தான். சோறு போட்டேன்.

ஆவணி 6, வெள்ளி. தேர்

போனேன். கிருஷானோடு எனக்கு என்ன கோபம்? இங்கே வந்து நின்றபோது புட்டுக்கு மாம்பழம் பிசைந்து தின்ற பிள்ளை.

மணல் கொதி. வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனார்கள், ஊற்றிய கையோடு காய்ந்தது. பின்னால் ஒருத்தி, "அக்கா, கெதியா எழும்புங்கோ, எங்களுக்கும் சுடுது."

வாயைத் திறப்பதில்லை என்றுதான் போனேன். நெற்றி மண்ணில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. கத்தி அழுதேன். பக்கத்தில் யாரோ, "என்ன பக்தி, பார்!"

ஆவணி 7, சனி

முழங்கால் தோல் உரிந்து எரிச்சல். தேங்காயெண்ணெய் பூசினேன்.

மச்சாள் போன். ஒப்பரேசன் நல்லபடி முடிந்ததாம். அழுகையும் சிரிப்பும்.

"பாத்தியே, இந்தமுறை நீ முழுமனதோடை கும்பிட்டிருக்கிறாய். அதுதான் அம்மன் கேட்டிட்டாள்."

"ஓம் மச்சாள்" என்றேன்.

அவன் பிழைத்தது சந்தோஷம்தான், பொய்யில்லை. ஆனால் தேர் திரும்ப வந்து நிற்குமட்டும் அவன் பெயர் ஒருக்காலும் என் வாயில் வரவில்லை. யாழினி, யாழினி என்றுதான் ஒவ்வோர் அடிக்கும் விழுந்தேன்.