குழி விழாத தோட்டா

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை.

கூட வேலை செய்யும் பிரகாஷ் வீட்டிலிருந்து பரிசுக் கோப்பை வந்தது. அவருடைய அப்பா விமானப்படையில் இருந்தவர், போன வருடம் போய்விட்டார். வீட்டைக் காலி செய்கிறார்கள். என் சேகரிப்பில் இது முப்பத்தோராவது விமானப்படைப் பரிசு. இப்படி ஒன்று பார்த்ததில்லை. ஈட்டி மரப் பீடம். அதில் நிமிர்ந்து நிற்கும் நிஜமான விமான பீரங்கித் தோட்டா, ஒரு சாண் உயரம். நுனியில் வெள்ளி விமானம், என் சுண்டுவிரல் அளவுதான். இறக்கையில் ஆணித் தலைகளைக்கூடச் செதுக்கியிருக்கிறான், மகராசன். பற்றவைத்த தடமே தெரியவில்லை. பீன்யா தொழிற்பேட்டையில் பத்தொன்பது வருடமாக உலோகப் பாகங்களைச் சோதிக்கிறேன். எங்கள் தொழிற்சாலையில் இந்தக் கை யாருக்கும் இல்லை.

என் வீட்டுக்காரர்: "இன்னொண்ணா? எங்க வெக்கப் போற, என் தலை மேலயா?"

வாங்க: பித்தளை பாலிஷ், பழைய டூத் பிரஷ் போதும், சர்க்கரை.

ஜூன் 10, செவ்வாய்

அரை நாள் லீவு. பாலிஷ் போட, தோட்டாவைப் பீடத்திலிருந்து கழற்றப் பார்த்தேன். வரவில்லை. அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். காஸ் அடுப்பைச் சிம்மில் வைத்து, பித்தளையைச் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டினேன். ஐந்து நிமிடம். கழன்றது.

அடியைப் பார்த்தேன்.

நடுவில் வட்டமாக ஒரு சின்ன மூடி, பீரங்கியின் ஊசி குத்தினால் தீப்பிடிக்கும் இடம். சுட்ட தோட்டா என்றால் ஊசி குத்திய குழி அதில் இருக்கும். காலி செய்தது என்றால் பக்கத்தில் ஓட்டை போட்டிருப்பார்கள். குழி இல்லை. ஓட்டையும் இல்லை. மழமழவென்று இருக்கிறது, சுடாத தோட்டா.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. மேல் வீட்டில் நஸ்ரீனின் குழந்தை நடைவண்டி ஓட்டும் சத்தம். கடகட, கடகட.

தலையணை மேல் படுக்க வைத்தேன். சமையலறைக் கதவைச் சாத்தினேன். சாத்தினால் என்ன ஆகிவிடும்?

வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். முகம் வெளுத்துப்போயிற்று. "ஏரில போட்டுட்டு வந்துரலாம்."

"யாராவது எடுத்தா?"

"போலீஸ்னா நம்மளத்தான் உள்ள வெப்பாங்க."

அந்தப் பயம் எனக்கும்தான். போன் செய்யவில்லை. நஸ்ரீனிடம் பூச்சி மருந்து அடிக்கிறோம், குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போ என்று பொய் சொன்னேன். கீழ் வீட்டுக்காரர்களிடம் அதுவும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. சாப்பிடவில்லை.

ஜூன் 11, புதன்

விடிந்ததும் நானே போலீசுக்கு போன் செய்தேன். தெருவையே காலி செய்தார்கள். எதிர்வீட்டு டீச்சர் நைட்டியோடு மாதா கோயில் பக்கம் ஓடினார். என்னால்.

வெடிகுண்டுப் பிரிவு அதிகாரி வயதானவர், கன்னடத்தில் கேட்டார். "நென்னேனே யாக்கம்மா ஹேளலில்லா?" நேற்றே ஏன் சொல்லவில்லை? தலைப்பகுதி வெறும் இரும்பாம், ஆனால் உள்ளே வெடிமருந்து அப்படியே இருக்கிறதாம். சூடு காட்டியதைச் சொன்னேன். "தேவரு தொட்டவனு" என்றார், கடவுள் பெரியவர் என்று.

வாக்குமூலம். மற்ற முப்பதையும் பார்த்தார்கள், பழுதில்லை. வெள்ளி விமானமும் தோட்டாவோடு போயிற்று.

பிரகாஷுக்கு போன் செய்தேன். "ஐயோ மேடம்! அது ஜோடியாச்சே. ரெண்டாவது பரிசுக் கப்பு இன்னொண்ணு இருந்துது. ஆனேக்கல்ல மிலிட்டரி ஹோட்டல் வெச்சிருக்கவர் எடுத்துட்டுப் போனாரு. கடைக்குப் பொருத்தமா இருக்கும்னு."

நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன், ஹோட்டல்காரர் போனை அணைத்து வைத்திருக்கிறார். போலீசில் சொன்னேன். அங்கே தெரிவிக்கிறோம் என்றார்கள்.

ஜூன் 12, வியாழன்

தெரிவித்தார்களா? காலையிலும் போன் எடுக்கவில்லை. லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். ஹோட்டலில் கறி வாசனை, கூட்டம். போலீஸ் யாரும் வரவில்லை.

முதலாளி சிரித்தார். "அந்தக் கப்பா? லைட்டு மாட்டலாம்னு லேத்துக் கடையில குடுத்திருக்கேன். அடியில ஓட்டை போட்டாத்தான ஒயர் விட முடியும்?"

போலீசைக் கூப்பிடச் சொல்லிக் கத்திவிட்டு ஓடினேன். லேத்துக் கடை நாலு கடை தள்ளி. உள்ளே ஒரு மெஷின் இரைந்துகொண்டிருந்தது. லேத்துக்காரர் தோட்டாவைத் தலைகீழாகப் பட்டறைப் பிடியில் இறுக்கியிருந்தார். மூடியின் நடுவில், ஓட்டைக்கு அடையாளம் குத்த, ஆணி மாதிரி பஞ்ச். ஓங்கிய சுத்தியல். கத்தினேன். அவர் காதில் விழவில்லை. சுவரில் மெயின் சுவிட்ச் இருந்தது, அதை இழுத்துவிட்டேன்.

மெஷின் நின்றது. இருட்டு. அவர் திரும்பினார். "யாரும்மா நீ?"

"மருந்து... உள்ள மருந்து இருக்கு."

"பரிசுக் கப்பும்மா இது."

"நேத்து என் வீட்டுலருந்து போலீஸ் ஒண்ணு எடுத்துட்டுப் போனாங்க. இதே மாதிரி."

புரிந்ததும் அதைப் பிடியிலிருந்து எடுக்கப் போனார். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அரை மணி நேரம் எதிர்ப்பக்கம் நின்றோம். கடைக்குள் யாரையும் விடவில்லை. அவர் பெயர் முனிராஜு. சென்னையில் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறாராம், கேட்காமலே சொன்னார்.

அதே அதிகாரிதான் வந்தார். குனிந்து பார்த்தார். இதிலும் குழி இல்லை என்றார்.

முனிராஜு நடைபாதையில் உட்கார்ந்தார். சுத்தியல் இன்னும் அவர் கையில். விரல்கள் விரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.