குழாய் மட்டும் போதும்

போன வாரம் மகள் வீட்டு டிவியில் அந்தப் படம் ஓடியது. கடலடியில் ஊர் கட்டிக் குடியிருப்பவர்களின் கதை. பித்தளைத் தலைக்கூடு மாட்டிய ஆள், முதுகில் நீளக் குழாயோடு, குமிழி விட்டபடி நடப்பான். எழுபதுகளின் கடைசியில், சங்ககிரி டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து நாம் பார்த்த அதே படம். ஒரே வித்தியாசம், இப்போது கீழே தமிழில் எழுத்து ஓடுகிறது.

அன்று உனக்கு அந்த எழுத்து நான்தான். நடுநிலைப் பள்ளி இங்கிலீஷ் வாத்தியார். புத்தக இங்கிலீஷ் எனக்குத் தெரியும்; அந்த நடிகர்கள் வாயில் மென்று துப்பியதில் பத்துக்கு ஒன்றுகூடப் பிடிபடவில்லை. ஆனால் சுற்றிலும் லாரிக்காரர்கள் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் கதையை நானே கட்டினேன். காதலியை மனைவியாக்கினேன், திருடனை விஞ்ஞானியாக்கினேன்.

தலைக்கூட்டைத் தட்டிக் காட்டி ஒரு கிழவன் ஏதோ நீளமாகச் சொன்னான். நீ என் தொடையைக் கிள்ளினாய். "ஏனுங்க வாத்தியாரே, அவன் என்னங்க சொல்றான்?"

"கொழாய் மட்டும் இருந்தாப் போதுமாம். ஒரு மணி நேரம் அடியில இருக்கலாங்கறான்."

பம்புசெட் குழாயின் அடிமுனை கிணற்றுச் சேற்றில் சிக்கினால் மூச்சடக்கி இறங்கி விடுவிப்பவன் நீ. ஆழக் கிணறுகளில் உனக்கு மூச்சுப் போதாது. அது உன் நெடுநாள் குறை. அடுத்த வாரமே லாரிப் பட்டறையில் ரப்பர் குழாய் வாங்கி வந்துவிட்டாய். இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு, கிணற்றுப் படியில் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"நெசமாவே அப்படித்தானுங்க சொன்னான், வாத்தியாரே?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இங்கிலீஷ் வாத்தியார் நானா, நீயா? பயமாயிருந்தா ஊட்டுக்குப் போ, சாமி" என்றேன். சிரித்தார்கள். நீயும் சிரித்துவிட்டுக் குழாயைக் கடித்துக்கொண்டாய்.

மேல் நுனியை நான்தான் பிடித்திருந்தேன். காதில் வைத்துக் கேட்டேன். முதலில் ஓர் இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. "காத்து நல்லாப் போவுது" என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். அந்த ரப்பரின் சூடு இன்னும் என் காதில் இருக்கிறது.

உன் உடலை மேலே எடுத்துக் கிடத்திய பிறகு, உன் மனைவி என்னிடம்தான் வந்தாள். "கேக்காம ஒண்ணும் செய்யமாட்டாருங்களே. ஆரைக் கேட்டாருங்க?"

"சினிமாவுல பாத்துட்டு எறங்கிட்டானுங்க" என்றேன். அங்கே நின்றிருந்த யாரும் வாத்தியாரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பிறகு இருபது வருடம் வகுப்பில் உன்னை உதாரணமாகச் சொன்னேன். "தெரிஞ்சவங்களைக் கேட்காம எதையும் செய்யாதீங்க. எங்க ஊர்ல ஒருத்தன்..." என்று தொடங்குவேன். நல்ல உதாரணம், பிள்ளைகள் மறந்ததே இல்லை. நீ கேட்டுத்தான் செய்தாய் என்பதை மட்டும் விட்டுவிடுவேன்.

போன வாரம் அந்தக் கிழவன் மறுபடி தலைக்கூட்டைத் தட்டினான். கீழே எழுத்து வந்தது: மேலிருந்து காற்றை அழுத்தி அனுப்ப வேண்டும், வெறும் குழாயை நம்பி இறங்கினால் தண்ணீரே உன் நெஞ்சை நசுக்கிவிடும்.

நிறுத்தச் சொன்னேன். மறுபடி ஓட்டச் சொன்னேன். மூன்று முறை.

"ஏனுங்கப்பா, புரியலீங்களா?" என்றாள் மகள்.

கொட்டகையில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய சொல் அது. எழுத்தெழுத்தாகப் புரிந்த பிறகு, அவளிடம் சொன்னேன்: "புரியலம்மா."