உட்கார்ந்து அளந்த கண்ணாடி

மார்ச் 1, ஞாயிறு

நாற்பது குண்டு வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. நாற்பத்தொன்றில் கழுத்து முரண்டு பிடித்தது. நான் கண்டுகொள்ளவில்லை. அறுபதையும் சுட்டு முடித்து, ரைஃபிளை ஒதுக்கி வைத்து, கையில் சுற்றிய வாரையும் கழற்றிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தால், முடியவில்லை. பாயில் குப்புறப் படுத்தபடியே கிடந்தேன். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் கொஞ்சம் நடித்துப் பார்த்தேன்.

"என்ன மாமா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டவன் மச்சினன். மனைவியின் தம்பி, நாற்பத்தொரு வயது. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சேர்த்துவிட்டதே நான்தான். அவன்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

எங்கள் அணியின் கேப்டன் பார்த்துக்கொண்டே இருந்தார். அறுபத்தெட்டு வயது, முப்பது வருடப் பழக்கம். "யோவ், பேசாம மேசைக்கு மாறிடு. நாற்காலில உக்காந்து, துப்பாக்கிய முட்டு மேல வச்சு, ராஜா மாதிரி சுடலாம்" என்றார். எல்லோர் காதிலும் விழும்படி.

மேசைக்குப் போனால் நால்வர் அணியில் இடம் கிடையாது. அணி பாயில் படுத்துச் சுடுகிறவர்களுக்கு மட்டும்தான். இருபத்திரண்டு வருடமாக அந்த நாலு பேரில் நான் ஒருவன். ஏப்ரல் 26 அணித் தேர்வு, மே 10 கிளப்புகளுக்கு இடையே போட்டி. என் இடத்துக்கு யார் வருவார் என்பதில் சந்தேகமே வேண்டாம், என்னைத் தூக்கிவிட்டவனேதான்.

மார்ச் 2, திங்கள்

செருப்பு மாட்டக்கூட குனிய முடியவில்லை. என் கண்ணாடிக்கடைக்கு வந்தவரிடம் "நேரா பாருங்க" என்றேன். என்னால்தான் நேராகப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 4, புதன்

பிசியோவிடம் போனேன். என் மகளைவிடச் சின்னப் பெண். கையைப் பிடித்துத் திருகுவதில் மட்டும் ஈவு இரக்கம் கிடையாது.

"எவ்வளவு நேரம் சார் படுத்திருப்பீங்க?"

"ஐம்பது நிமிஷம்."

"அசையாமலா?"

"அசையாம."

"எதுக்கு?"

முப்பது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு காகிதம், அதன் நடுவில் ஒரு சின்ன வட்டம், அதைத் தொடவேண்டும் என்று விளக்கினேன். சொல்லும்போது எனக்கே அசடு வழிந்தது. அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். தினமும் நாற்பது நிமிட நடை. சுவரோடு முதுகை ஒட்டி நின்று தாடையைப் பின்னுக்கு இழுப்பது. முன்கைகளை ஊன்றிக் குப்புறப் படுப்பது, முதல் வாரம் ஐந்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். எழுந்திருப்பதற்கும் ஒரு முறை இருக்கிறதாம்: முதலில் முட்டி, பிறகு ஒரு பாதம், அப்படியே மூன்று மூச்சு, அதற்குப் பிறகுதான் நிற்கலாம். "சட்டுனு எந்திரிச்சா தலை சுத்தும் சார், இருபது வயசு இல்ல" என்றாள். இதை எல்லோரும் எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

மார்ச் 9, திங்கள்

கூடத்தில் குப்புறப் படுத்துச் செய்தித்தாள் படிக்கிறேன். ஏழு நிமிடம். மகள் அனுப்பிய வீடியோவில் ஐந்து மாதப் பேத்தியும் அதையேதான் செய்கிறாள். குப்புறப் படுத்து, கையை ஊன்றி, தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவ கழுத்து நல்லா நிக்குது" என்றாள்.

மார்ச் 15, ஞாயிறு

சுடும் ரேஞ்சுக்குப் போனேன். பழைய பாடம் ஒன்று திரும்பப் பிடிபட்டது. வலது முட்டியை மடக்கி மேலே இழுத்துக்கொண்டால் உடம்பு கொஞ்சம் இடப்பக்கம் சாயும், தொப்பை தரையை விட்டு எழும்பும், மூச்சு சுலபமாகும். தெரியாதது இல்லை. சில வருடங்களாக முட்டி சோம்பேறித்தனமாகக் கீழே வழுக்கிப்போய், முழுத் தொப்பையோடும் படுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒவ்வொரு மூச்சுக்கும் துப்பாக்கி ஏறி இறங்கியதில் ஆச்சரியம் என்ன?

வாரையும் ஒரு துளை தளர்த்தினேன். முன்பெல்லாம் இறுக்கினால்தான் வீரம் என்று நினைப்பு. நாடி அடிப்பது குறியில் தெரியும், விரல்கள் மரத்துப்போகும், அதுதான் மிச்சம்.

காலையில் இரண்டு முட்டையும் ரொட்டியும் மட்டும். சுடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே காபியை நிறுத்தியாயிற்று. ஐம்பது நிமிடம் எழுந்திருக்காமல் படுத்திருப்பது என்பது என் வயதில் கழுத்துக்கு மட்டும் வைக்கும் சோதனை இல்லை.

ஆனால் கழுத்து? நாற்பத்தைந்தாவது குண்டில் வலி வந்துவிட்டது. நாலு குண்டு முன்னேற்றம். இந்தக் கணக்கில் போனால் போட்டியெல்லாம் முடிந்த பிறகுதான் அறுபதைத் தொடுவேன்.

மார்ச் 22, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. முப்பத்தெட்டில் வலி. முப்பத்தெட்டு! மூணு வாரமா மாடு மாதிரி உழைச்சதுக்குப் பலன் இதுதானா? அறுநூறுக்கு மச்சினன் 586. நான் 571.

கேப்டன் தோளில் தட்டி, "சொன்னா கேளுய்யா. மேசையில ரெண்டு நாற்காலி காலியாத்தான் இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. இவருக்கு என்ன வந்தது? என்னை விரட்டுவதில் இவருக்கு அப்படி என்ன அவசரம்?

மச்சினன் காரில் திரும்பும்போது, "நான் வேணா தேர்வுக்கு வராம இருந்துடட்டுமா மாமா?" என்றான். அவன் நல்ல மனதோடுதான் கேட்டான். அதுதான் இன்னும் எரிந்தது. வாயை மூடிக்கிட்டு வண்டிய ஓட்டுடான்னேன்.

மார்ச் 24, செவ்வாய்

ஒன்று உறுத்துகிறது. வீட்டில் செய்தித்தாளோடு பதினைந்து நிமிடம் படுக்கிறேன், கழுத்து சத்தமே போடுவதில்லை. ரேஞ்சில் மட்டும் ஏன்? மனைவியிடம் கேட்டேன். "பேப்பர்ல உங்களுக்குப் போட்டியா யாரும் இல்லைல்ல" என்றாள். பதில் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சரியானது இல்லை என்று தோன்றுகிறது.

மார்ச் 27, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதிவிடுகிறேன்.

பிசியோ, "எப்படிப் படுப்பீங்கன்னு அப்படியே செஞ்சு காட்டுங்க" என்று சொல்லியிருந்தாள். துப்பாக்கியோடு அங்கே போக முடியாதே. தரை துடைக்கும் மாப்பின் தலையைக் கழற்றிவிட்டு, கம்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பையில் சுடும்போது போடும் கோட்டும் கண்ணாடியுமாகத் தெருவில் நடந்தேன். எதிர்ப்பட்ட இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கோட்டு, வார், கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, மாப் கம்பைக் கன்னத்தில் அணைத்துப் படுத்தேன். பக்கவாட்டில் இருந்து போட்டோ எடுத்தாள்.

"ஏன் சார் தலைய இவ்வளவு தூக்கறீங்க? ஆமை மாதிரி?"

"தூக்கினாத்தான் தெளிவா தெரியுது."

"தூக்கலைன்னா?"

தலையைத் தளர்த்திக் கம்பில் சாய்த்தேன். கண், கண்ணாடியின் மேல் விளிம்பில் போய் முட்டியது. பாதிப் பார்வை கம்பிச் சட்டத்துக்கு வெளியே.

போட்டோவைக் காட்டினாள். முப்பத்தெட்டு வருடமாகக் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம், எதைப் பார்க்கப் போகிறீர்கள், எப்படி இருந்து பார்ப்பீர்கள் என்று கேட்டுத்தான் அளவெடுப்பேன். தையல்காரருக்கு ஒரு மாதிரி, லாரி ஓட்டுநருக்கு ஒரு மாதிரி. எனக்கு மட்டும்? கடையில், என் நாற்காலியில், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து அளந்து வைத்திருக்கிறேன். படுத்துச் சுடுகிறவனுக்கு உட்கார்ந்து அளந்த கண்ணாடி! லென்ஸின் மையம் இருக்கும் இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோக, ஒவ்வொரு குண்டுக்கும் கழுத்தை நிமிர்த்தி நிமிர்த்தி…

"சார் என்ன தொழில்னு சொன்னீங்க?" என்றாள் அவள். அவளுக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் கேட்டாள்.

கிளம்பும்போது, "கண்ணாடி மாத்திட்டா பயிற்சிய விட்டுடலாம்னு கணக்குப் போடாதீங்க" என்றும் சொன்னாள். அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மூக்குப் பிடியை உயர்த்தி, சட்டம் முகத்தில் மேலே உட்காரும்படி செய்தாயிற்று. லென்ஸில் கண் பார்க்கும் இடத்தைக் குறிக்க வேண்டும், அதைப் படுத்த நிலையில்தான் குறிக்க முடியும், என் கண்ணுக்கு நானே குறி வைக்கவும் முடியாது. மனைவியை வரச் சொன்னேன். கடைத் தரையில் நான் குப்புற, எனக்கு எதிரே அவளும் குப்புற, கையில் மார்க்கர்.

"முப்பத்தஞ்சு வருஷத்துல உங்கள இவ்வளவு நேரம் நேருக்கு நேர் பாத்ததே இல்ல" என்றாள்.

"எப்படி இருக்கேன்?"

"அசையாதீங்க."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. சட்டம் உடைந்த கண்ணாடியோடு ஒரு வங்கி அதிகாரி. எங்கள் இருவரையும் பார்த்தார். "நான் அப்புறம் வரேன்" என்று சொல்லிக் கதவை அவ்வளவு மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார். இவள் சிரித்த சிரிப்பில் குறி கோணலாகிவிட்டது. அழித்து மறுபடி போட்டோம்.

ஏப்ரல் 5, ஞாயிறு

புது லென்ஸோடு படுத்தேன், தலை துப்பாக்கிக் கட்டையில் தானாகச் சாய்ந்துகொண்டது. வளையத்துக்குள் வட்டம், அவ்வளவு தெளிவாக. கழுத்தைத் தேட வேண்டியிருந்தது, இருக்கிறதா என்று. 583.

முழங்கைதான் எரிகிறது. கோட்டின் உள்ளே இன்னொரு ரப்பர் துண்டு தைக்க வேண்டும்.

ஏப்ரல் 16, வியாழன்

முப்பது நிமிடம் குப்புறப் படுத்தேன். செய்தித்தாள் தீர்ந்து போய் விளம்பரங்களைப் படித்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

தேர்வு. நாற்பத்தொன்றாவது குண்டில் கொஞ்சம் தயங்கினேன், வலி வந்துவிடுமோ என்ற பழைய பயம். வரவில்லை. நாற்பத்தைந்து. வரவில்லை. ஐம்பத்திரண்டில் கழிப்பறை நினைவு வந்தது, அதை நினைக்கக் கூடாது என்று நினைத்ததில் அடுத்த குண்டு எட்டுப் புள்ளி வளையத்துக்குப் போனது. மற்றபடி 587. மச்சினன் 585. முட்டி, பாதம், மூன்று மூச்சு — யார் கையும் படாமல் எழுந்து நின்றேன். எழுந்து நின்றதுக்கே கை தட்டலாம் போலிருந்தது. சந்தோஷமாக இருந்தது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

கேப்டன் இன்று சுடவில்லை. "நான் லிஸ்ட் வேலைய பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் பட்டியலை ஒட்டினார். நாலு பேரில் இரண்டாவதாக நான். நாலாவதாக மச்சினன். கேப்டன் பெயர் இல்லை. கீழே 'மேசைப் பிரிவு' என்று எழுதி ஒரே ஒரு பெயர், அவருடையது. திரும்பிப் பார்ப்பதற்குள் கிளம்பிப் போய்விட்டார்.

ஏப்ரல் 27, திங்கள்

கேப்டன் கடைக்கு வந்தார். கண்ணாடியைத் துடைத்துத் தரச் சொன்னார். அதற்கு யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா?

"இடுப்பு எலும்பு தேஞ்சுபோச்சுய்யா. படுக்கவே கூடாதுன்னு டாக்டர் ஜனவரியிலயே சொல்லிட்டார்."

"அப்ப என்னை எதுக்குய்யா விரட்டின?"

மேசை மேல் இருந்த கண்ணாடிக் கூடு ஒன்றைத் திறந்து மூடினார்.

"நீயும் வந்தா ரெண்டு பேரும் சேந்து மாறினோம்னு ஆயிரும். நான் மட்டும் போனா, கிழவன் போயிட்டான்னு ஆயிரும்."

ரெண்டு மாசம்! ரெண்டு மாசம் அத்தனை பேர் முன்னாடி என்னைக் குத்திக் குத்தி — ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. கத்தினேன். கத்தியிருக்க வேண்டாம். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கண்ணாடியைத் துடைத்து, தளர்ந்திருந்த திருகையும் முடுக்கி, அவர் காதில் நானே மாட்டிவிட்டேன்.

மே 10, ஞாயிறு

ஏழு அணியில் மூன்றாவது. மச்சினன் 589, நான் 586. வீட்டுக்கு வருவதற்குள் அவன் அக்காவுக்கு மூன்று முறை போன் செய்துவிட்டான். கேப்டன் பின்னால் நின்று தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தார், கடைசி வரைக்கும். உட்காரவே இல்லை.

மே 14, வியாழன்

மேசைக்காரர்களுக்கு வியாழன் மாலை. ரைஃபிளை எடுத்துக்கொண்டு போனேன். ஓரத்து மேசையில் அவர் மட்டும் இருந்தார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"என்னய்யா, பாய் கிழிஞ்சுபோச்சா?"

"வாரத்துல ஒரு நாள் உக்காந்து சுடச் சொல்லிச்சு அந்தப் பிசியோ பொண்ணு."

அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவரும் நம்பவில்லை. துப்பாக்கியை வைக்கும் தாங்கியை என் பக்கம் நகர்த்தி, உயரம் சரி செய்வது எப்படி என்று அரை மணி நேரம் பாடம் எடுத்தார். பிறகு நாலு புள்ளியில் என்னைத் தோற்கடித்தார். கார் நிறுத்துமிடம் வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வந்தார்.

கடைக் கதவில் ஒட்ட அட்டை எழுதியாயிற்று: 'வியாழக்கிழமைகளில் மாலை ஐந்து மணி வரை மட்டும்.'