ஐஸ் ரூம் சுவெட்டர்

வியாழன், இரவு.

நாளை என் வீட்டுக்காரருக்கு முதல் வருடப் படையல். கிள்ளானில் மீன் வைக்கும் ஐஸ் ரூமில் அவர் வேலை செய்தபோது தினமும் போட்ட கம்பளி சுவெட்டரை, படத்துக்கு முன்னால் வைக்கலாம் என்று எடுத்தேன். சுத்தமாக இருக்கட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் ஊறப்போட்டேன். அவர் வேட்டி, துண்டெல்லாம் அப்படித்தான் துவைப்பேன். சுவெட்டர் சுருங்கிப் பலகை மாதிரி ஆகிவிட்டது. அழுதுகொண்டே மகளைக் கூப்பிட்டேன்.

"ஐயோ, அப்பா தொப்பையில பாதிக்குக்கூட பத்தாதுலா!" என்று சிரித்தாள். அப்புறம் அவளே வெதுவெதுப்பான தண்ணீரில், தலைக்குப் போடும் கண்டிஷனரைக் கலக்கினாள். "முறுக்காதம்மா, மெல்ல அமுக்கு."

அரை மணி நேரம் ஊறியதும் கம்பளி மெத்தென்று ஆனது. துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்தோம். பாயில் அவர் சட்டையை அளவுக்கு விரித்து, அதன்மேல் சுவெட்டரை வைத்து, ஆளுக்கொரு பக்கம் மெதுவாக இழுத்தோம். தொப்பைக்கு இடம் கிடைத்துவிட்டது. கை மட்டும் நாலு விரல் குறைகிறது. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. நாளைக்கு அவர் சாப்பிடத்தானே வருகிறார். சாப்பிட உட்கார்ந்தால் எப்போதும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொள்வார்.